நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே

நிதானம் திட்டத்துக்கு ஒரு கோபக்காரப் பிள்ளை தேவைப்பட்டது. அப்படி ஒரு பிள்ளையைத் தேடித்தான் தணிகைவேல் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்தான்.

நான்கு பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டு, ஐந்தாவதாக உப்பளங்களை ஒட்டியிருந்த ஒரு நடுநிலைப்பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அங்கே எட்டாம் வகுப்புக்கு ஜெபக்கனி டீச்சர். அறிவியலும் அவர்தான். நாற்பத்திரண்டு வயது. கண்டிப்பானவர், ஆனால் பிரம்பைத் தொடாதவர் என்று ஊரில் பேர்.

அந்த வருஷம் வேறொரு மாவட்டத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னொருவனை வகுப்பறையிலேயே கத்தியால் குத்தியிருந்தான். ஒரு பட்டப்பெயருக்காக. அந்தப் பேச்சு அடங்குவதற்குள் ஜெபக்கனியின் வகுப்பிலேயே ஒருவன் காம்பஸால் பக்கத்துப் பையனின் காதைக் கிழித்துவிட்டான். அடிபட்டவனை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஜெபக்கனிதான். சேலையில் ஊறிய ரத்தம் மூன்று முறை அலசியும் போகவில்லை. கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் வகுப்பில் படம் வரைந்து ஒட்டியிருந்தார்; கதை சொல்லியிருந்தார்; பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தார். காதைக் கிழித்தவனும் அந்தப் பத்தை எண்ணிவிட்டுத்தான் கிழித்தான்.

அதனால் தணிகைவேல் தன் பெட்டியைத் திறந்தபோது ஜெபக்கனி ஆவலோடுதான் எட்டிப் பார்த்தார்.

“பாடம் நடத்தி கோபத்தை அடக்க முடியாது டீச்சர்,” என்றான் அவன். “கோபம் புத்தியில வர்றதில்ல, உடம்புல வருது. அதனால உடம்புக்குத்தான் கத்துக்கொடுக்கணும்.”

பெட்டிக்குள் நெற்றியில் கட்டுகிற ஒரு பட்டையும், கண்ணில் மாட்டுகிற ஒரு கண்ணாடியும் இருந்தன. கண்ணாடிக்குள் ஒரு சிறுமி வருவாள். வம்புக்கு இழுப்பாள், கத்துவாள். பார்க்கிற பிள்ளைக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கத் தொடங்கும்போதே பட்டை அதைக் கண்டுகொண்டு மூச்சை நினைவுபடுத்தும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. சரியாக விட்டால் நெற்றிக்குள் ஒரு இதம் பரவும்.

“வெயில்ல அலைஞ்சிட்டு வந்து மோர் குடிச்சா எப்படி இருக்கும், அப்படி,” என்றான் தணிகைவேல். “நாப்பது நாள் போதும். அப்புறம் பட்டையே வேண்டாம். கோபம் வந்தா உடம்பு தானா மூச்சை இழுத்து விட்டு அடங்கிடும். ஆயுசுக்கும் அடங்கும்.”

“அப்ப எங்க பள்ளிக்கூடத்துக்கு எதுக்கு வந்திருக்கீங்க? நேரா எல்லாப் பிள்ளைக்கும் மாட்டிவிட வேண்டியதுதானே?”

“அந்தச் சிறுமிதான் டீச்சர் பிரச்சினை. நாடகத்துல நடிக்கிற பிள்ளைங்களை வச்சு எடுத்தோம். பசங்க சிரிக்கிறாங்க. நடிப்புன்னு உடம்புக்குத் தெரிஞ்சிடுது. நிஜமாவே கோபப்படுற ஒரு பிள்ளை வேணும். முகத்தை மாத்திடுவோம், பேரை மாத்திடுவோம். குரலும் கையை ஆட்டுற விதமும் மட்டும்தான் எடுப்போம்.”

ஜெபக்கனி யோசிக்கவே இல்லை. அவர் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள்.

பேச்சித்தாய்க்கு அப்போது பதின்மூன்று வயது. அவள் அம்மா சுடலைவடிவு உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அப்பா இல்லை. பேச்சியின் கோபம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று கத்துவாள். சத்துணவில் சின்னப் பிள்ளைகளின் முட்டையை எவனாவது பிடுங்கினால் அவன் சட்டையைப் பிடித்துவிடுவாள். அவள் குரலில் என்னவோ இருந்தது. காதில் விழுந்த மறுநிமிடம், எதிரே நிற்பவனுக்குத் தவறு தன்னுடையதுதான் என்று தெரிந்தாலும் ஆத்திரம் பொங்கும். ஜெபக்கனிக்கே பொங்கியிருக்கிறது.

சுடலைவடிவு கையெழுத்துப் போட வந்தாள். உப்புப் பாரித்த விரல்களால் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

“ஒண்ணும் ஆகாது. பாடம் நடத்துறதப் படம் எடுக்காங்க. அவ்வளவுதான்.”

“நீங்க சொன்னாச் சரி.”

மூன்று வாரம் வகுப்பின் நாலு மூலையிலும் கேமரா இருந்தது. அந்த மூன்று வாரமும் பேச்சி கோபமே படவில்லை. படம் எடுக்கிறார்கள் என்பதற்காகத் தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, கேட்ட கேள்விக்கெல்லாம் கைதூக்கினாள். தணிகைவேலுக்கு ஊருக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது.

“நீங்க கொஞ்சம் சீண்டிப் பாருங்களேன் டீச்சர்,” என்றான் அவன், தயங்கித் தயங்கி.

ஜெபக்கனி அன்று இரண்டாவது பீரியடில் அறிவியல் பெட்டியிலிருந்து ஒரு உருப்பெருக்கி லென்ஸை எடுத்தார். பிள்ளைகள் விளையாட்டுக்குப் போயிருந்தபோது அதைப் பேச்சியின் பைக்குள் போட்டார். அவர்கள் திரும்பி வந்ததும், லென்ஸைக் காணவில்லை என்றார். ஒவ்வொரு பையாகக் கொட்டச் சொன்னார். பேச்சியின் பையிலிருந்து அது உருண்டு வந்தது.

“நான் எடுக்கல டீச்சர்.”

“அப்ப காலு முளைச்சு நடந்து வந்துச்சோ? களவாணி.”

பதினோரு நிமிடம் அந்தப் பிள்ளை கத்தினாள். “நான் எடுக்கல, எடுக்கலன்னு சொல்லுதேம்லா! எதுக்கு என்னைக் களவாணிங்கிய? பாத்தியளா? பாத்தியளா நீங்க?” மேசையை அறைந்தாள். புத்தகத்தை வீசினாள். தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினாள். ஜெபக்கனியும் பதிலுக்குக் கத்தினார். தான் சொல்வது பொய் என்பது மறந்துபோகும் அளவுக்கு அவருக்கும் நிஜமாகவே ஆத்திரம் வந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற தணிகைவேல் போதும் என்று கையைக் காட்டிய பிறகே அவர் நிறுத்தினார்.

“சரி, விடு. உட்காரு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். லென்ஸை வைத்தது தான்தான் என்று அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பேச்சி நான்கு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். அதன்பிறகு பள்ளி முடியும் வரை அவள் எந்தக் கேள்விக்கும் கைதூக்கவில்லை.

மறுவருஷம் நிதானம் திட்டம் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. கண்ணாடிக்குள் வந்த சிறுமிக்கு நித்யா என்று பெயர் வைத்திருந்தார்கள். உருண்டை முகம், இரட்டைச் சடை. ஜெபக்கனி ஒரே ஒரு முறை மாட்டிப் பார்த்தார். “பாத்தியளா நீங்க?” என்று நித்யா கேட்டதும் கழற்றி வைத்துவிட்டார்.

ஆனால் திட்டம் பலித்தது. அதை மறுக்க முடியாது. இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூடச் சண்டைகள் ஓய்ந்தன. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு முறைத்துக்கொண்ட பையன்கள், முறைப்பு முற்றும் நேரத்தில் மூச்சை இழுத்து விட்டுவிட்டு வேறு பக்கம் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கிற வேலை ஜெபக்கனிக்கு அப்புறம் வரவே இல்லை. மற்ற பள்ளிகளுக்கும் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். லென்ஸ் ஞாபகம் எப்போதாவது வரும். எத்தனை பிள்ளைகளின் காது தப்பியது என்று அப்போது எண்ணிக்கொள்வார்.

பதினைந்து வருஷம் கழித்து, அதே பள்ளியில் அவர் தலைமையாசிரியையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் பேச்சித்தாய் வந்தாள்.

ஆளே மாறியிருந்தாள். கன்னம் ஒட்டி, குரல் கரகரத்து, கைக்குட்டையை வாயருகே பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“இறால் கம்பெனில கேஸ் கசிஞ்சது கேள்விப்பட்டிருப்பீங்க டீச்சர். அங்கதான் வேல பாத்தேன். இறால் உரிக்கிற பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர்.”

ஜெபக்கனி செய்தித்தாளில் படித்திருந்தார். ஐஸ் அறைக்குப் போகும் குழாய் வெடித்து அமோனியா பரவியது. இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். இருபது பேருக்கு மேல் நுரையீரல் வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

“நான் எச்சரிக்கவே இல்லன்னு கம்பெனி சொல்லுது டீச்சர். விசாரணை நடக்கு. என்னை நல்லாத் தெரிஞ்சவங்க யாரிட்டயாவது ஒரு லெட்டர் வாங்கிட்டு வான்னு வக்கீல் சொன்னாரு.”

“நீ எச்சரிச்சியா?”

“குழாய் வெடிச்சதும் மொதல்ல பாத்தது நான்தான். வெள்ளையா பனி மாதிரி தரையோட வந்துச்சு. ‘கேஸு, ஓடுங்க, ஓடுங்க’ன்னு கத்துனேன். வயசான பொம்பளைங்க அஞ்சு பேரும் எந்திரிச்சு ஓடிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க இருபத்திமூணு பேரு...” அவள் நிறுத்தினாள். இருமினாள். “அவளுக ஓடல டீச்சர்.”

“ஓடலையா?”

“நின்னாளுக. கையில இறாலோட நின்னு, என்னையப் பாத்து நல்லா மூச்சை உள்ள இழுத்தாளுக. அப்புறம் மெதுவா விட்டாளுக. சிரிச்சாளுக. நான் இன்னும் பலமாக் கத்துனேன். இன்னும் ஆழமா இழுத்தாளுக. அந்தக் காத்த, டீச்சர்! அமோனியாவ! நான் கத்தக் கத்த இழுத்தாளுக.”

ஜெபக்கனியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

“கம்பெனி கேமராவுல சத்தம் பதிவாகாது. படத்தைப் போட்டுப் பாத்தா எல்லாரும் சிரிச்சுட்டு நிக்காளுக. எச்சரிச்சிருந்தா எப்படிச் சிரிப்பாங்கன்னு கேக்காங்க. நான் என்ன பதில் சொல்ல?” பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். “இன்னொண்ணும் இருக்கு. அத யாரிட்டயும் சொல்லல. கத்திக்கிட்டு இருக்கும்போதே எனக்கும் ஒரு மாதிரி அமைதியாயிருச்சு. ஓடணும்னே தோணல. சேசம்மா அக்கா திரும்பி வந்து என் முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. இல்லன்னா நானும் அங்கனதான் நின்னுருப்பேன். நான் என்ன பிறவி டீச்சர்?”

“விசாரணையில இதெல்லாம் சொன்னியா?”

“சொல்லப் போனேன். அந்த அதிகாரி அம்மா சின்ன வயசு. மெதுவாப் பேசும்போது நல்லாத்தான் கேட்டாங்க. செத்தவளுகளப் பத்திப் பேசையில எனக்குக் குரலு உசந்துருச்சு. உடனே அவங்களும் மூச்ச இழுத்து விட்டுட்டு, சிரிச்சுட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க. குறிப்பிட்டு எதுவும் சொல்லலன்னு எழுதிருக்காங்க.” பிறகு சாதாரணமாகச் சொன்னாள். “எனக்கு எப்பவும் இப்படித்தான் டீச்சர். பஸ்ல ஒருத்தன் கைய வச்சான், கத்துனேன், பஸ்ஸுல இருந்த இளவட்டமெல்லாம் சிரிச்சுது. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சண்ட போட்டா தூங்கிருவாரு. என் கோவத்துக்குக் கோவப்பட்டது நீங்க ஒருத்தர்தான். அந்த லென்ஸ் விசயத்துல நீங்க என்னைத் திட்டுனீங்கள்லா? இப்ப நெனச்சா அதுகூட நல்லாருக்கு. நான் பேசுனது ஒருத்தர் காதுல விழுந்துச்சு.”

ஜெபக்கனி கடிதம் எழுதிக் கொடுத்தார். ‘எனக்குத் தெரிந்தவரை இவர் பொய் பேசாதவர்’ என்று எழுதி, கையெழுத்திட்டு, பள்ளியின் முத்திரையும் குத்தினார். பேச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் தணிகைவேலுக்கு போன் செய்தார். அவன் இப்போது பெரிய ஆள். இரண்டு உதவியாளர்களைத் தாண்டித்தான் பேச முடிந்தது. ஜெபக்கனி சொன்னதை அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

“குரல் முத்தும் டீச்சர். ஆனா உசர்ற விதம் மாறாது,” என்றான் கடைசியில். “அவங்க சாதாரணமாப் பேசினா ஒண்ணும் ஆகாது. கோபத்துல உசந்தா, பயிற்சி எடுத்தவங்க உடம்புக்கு அது நித்யாதான். காதுல கேட்டதும் மூச்சு தானா ஓடும்.”

“அவ என்ன சொல்லுதான்னு காதுல விழாதா?”

“விழும். ஆனா உறைக்காது.”

“இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“ஒரு சந்தேகம் இருந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி நித்யா குரலை எடுத்துட்டு, பல குரலைக் கலந்து யாரோடதும் இல்லாத ஒண்ணை வச்சிட்டோம்.”

“அதுக்கு முன்னாடி எத்தனை பிள்ளைங்க?”

“பதினெட்டு லட்சம்.”

“அவங்களுக்கு இத மறக்க வைக்க முடியாதா?”

“நீச்சல் தெரிஞ்சவனுக்கு அதை மறக்க வைக்க முடியுமா டீச்சர்?” அவன் குரல் தாழ்ந்தது. “நாம ஒண்ணும் கெட்டது நினைச்சுச் செய்யலையே. எத்தனை பிள்ளைங்க உயிரோட இருக்காங்க தெரியுமா இந்தத் திட்டத்தால?”

அது பொய்யில்லை. ஜெபக்கனிக்கும் தெரியும். பதினைந்து வருஷமாக அவரும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில் வராமல் போனது ஒரே ஒரு பிள்ளைதான் என்று நினைத்திருந்தார்.

ஒரு வாரம் பள்ளிக்கூட வேலையில் தன்னை ஒளித்துக்கொண்டார். எட்டாம் நாள் சனிக்கிழமை, பேச்சியின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். உப்பளத்துக்குப் போகும் பாதையில் ஓட்டு வீடு. சுடலைவடிவு இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. சுவரில் படம் மாட்டியிருந்தார்கள். பேச்சி பாயை விரித்தாள். டீச்சர் வேண்டாமென்று வெறும் தரையிலேயே உட்கார்ந்தார்.

“அந்த லென்ஸை உன் பையில வச்சது நான்தான் பேச்சி.”

அவள் புரியாமல் பார்த்தாள். ஜெபக்கனி எல்லாவற்றையும் சொன்னார். கேமராவை, தணிகைவேலை, அவள் அம்மா போட்ட கையெழுத்தை. சொல்லும்போது தன் பக்கத்து நியாயம் எதையும் சேர்க்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆனாலும் கிழிந்த காதைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

“நிதானம் பயிற்சி நீயும் எடுத்தியாம்மா?” என்று கேட்டார்.

“ஒம்பதாப்புல எடுத்தேன். நாப்பது நாளும்.” பேச்சியின் புருவம் சுருங்கியது. “அதுல நித்யான்னு ஒருத்தி வருவா. எனக்கு அவளக் கண்ணுல காண ஆகாது. வாயத் தொறந்தாலே பளார்னு அறையணும் போல இருக்கும். நான்தான் வகுப்புலயே மொதல்ல பாஸானேன், அவளக் கண்டு அடங்குறதுல.”

“அது நீதான் பேச்சி.”

“என்னது?”

“அவ குரல் உன்னோடது. அவ கத்துறது அன்னைக்கு நீ கத்துனது. நம்ம குரல வெளிய இருந்து கேட்டா நமக்கே அடையாளம் தெரியாது.”

பேச்சி எழுந்து நின்றாள். முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு படத்திலிருந்த அம்மாவை. அப்புறம்தான் டீச்சரைப் பார்த்தாள்.

“ரெண்டு பிள்ளைங்க செத்துப்போச்சு டீச்சர்,” என்றாள். “அனிஷாவுக்குப் பத்தொம்பது வயசு. இன்னொருத்தி வயித்துல பிள்ளை வச்சிருந்தா. எங்கம்மாட்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்கள்லா? சொன்னீங்களா இல்லையா?” குரல் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஜெபக்கனி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். இது வரட்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். “என்னை என்ன செஞ்சு வச்சிருக்கிய! எதுக்கு என்னைய...”

அங்கே நின்றது.

ஜெபக்கனி அதைக் கண்ணால் பார்த்தார். பேச்சியின் தோள் ஏறியது. மூச்சு நீளமாக உள்ளே போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு மெல்ல வெளியே வந்தது. புடைத்த நரம்பு தணிந்தது. இறுகிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மோர் குடித்தவளைப் போல் முகம் குளிர்ந்து, உதடு விரிந்தது.

“பரவால்ல டீச்சர்,” என்றாள் பேச்சி. “நீங்க என்ன செய்வீங்க? டீ குடிக்கீங்களா?”

“வேண்டாம்மா. திட்டு. என்னை நல்லாத் திட்டு.”

“எனக்குக் கோவம் இல்ல டீச்சர்.” சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். “இருந்துச்சு. இப்ப இல்ல.”

அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஜெபக்கனிக்கு அதை மறுக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார். அது கிடைத்தும் விட்டது. கேட்பதற்கு முன்பே, கொடுக்கிறவளின் விருப்பத்தைக் கேட்காமலே. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

டம்ளர் ஆறிக்கொண்டிருந்தது. பேச்சி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“எழுதுனா சத்தம் கேக்காதுல்லா டீச்சர்?”

“கேக்காது.”

“அப்ப நான் எழுதுதேன். வாசிக்கும்போதும் என் குரல் வரக்கூடாது. நீங்க வாசிக்கணும்.”

விசாரணையின் அடுத்த அமர்வு பத்து நாள் கழித்து வந்தது. காலை பதினோரு மணி. மின்விசிறி சுற்றும் ஒரு நீளமான அறை. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, முப்பதைத் தொடாத பெண். ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீல். எதிர்ப்பக்கம் பேச்சியும் சேசம்மாவும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்கைந்து பெண்களும். பேச்சிக்கு உடல்நிலை சரியில்லை, அவள் எழுதியதை அவளுடைய ஆசிரியை வாசிப்பார் என்று அவளுடைய வக்கீல் சொன்னார். அதிகாரி தலையசைத்தார்.

பேச்சி தாள்களை மடித்து ஊசி குத்தி வைத்திருந்தாள். அங்கே போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஜெபக்கனி பிரித்தார். நோட்டுத் தாள்கள், ஏழு பக்கம். பேனா அழுத்தி எழுதியதில் சில இடங்களில் தாள் கிழிந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு வரி: ‘மெதுவா வாசிக்காதீங்க டீச்சர்.’

ஜெபக்கனி எழுந்து நின்றார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் பேசிய தொண்டை. சத்தமாகவே வாசித்தார். குழாயைப் பழுது பார்க்கச் சொல்லி மூன்று முறை இளவயது மேலாளரிடம் போனதை வாசித்தார். மூன்று முறையும் அவர் புன்னகைத்து அனுப்பியதை வாசித்தார். ஓடுங்க என்று எத்தனை தடவை கத்தினாள், ஒவ்வொரு தடவையும் எந்தப் பெண் எப்படி மூச்சை இழுத்தாள் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தாள். ஆஸ்பத்திரிப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். கம்பெனி வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அதிகாரி கையமர்த்தினார்.

ஐந்தாம் பக்கத்தைத் திருப்பியதும் ஜெபக்கனி நிறுத்தினார். அங்கிருந்து எழுதியிருந்ததெல்லாம் அவரைப் பற்றி.

ஓரக்கண்ணால் பேச்சியைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கனி மேலே எழுதியிருந்த வரியின்படியே, முன்னைவிடச் சத்தமாக வாசித்தார்.

“என் டீச்சர் என்னை விற்றுவிட்டாள். பதின்மூன்று வயசுப் பிள்ளையைக் களவாணி என்று சொல்லி, அது துடிப்பதைப் படம் பிடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்தாள். எல்லாரும் என்னைப் பார்த்து அடங்கக் கற்றுக்கொண்டார்கள். நானும் என்னைப் பார்த்தே அடங்கக் கற்றுக்கொண்டேன். கோபம் கெட்டது என்று அவள் சொன்னாள். என் கோபம் யாரையும் குத்தவில்லை. தண்ணீர் வரவில்லை என்று சொன்னது. முட்டையைப் பிடுங்காதே என்று சொன்னது. ஓடுங்கள் என்று சொன்னது. அவளை நான் மன்னிக்கவில்லை. நேரில் பார்த்தால் என் வாய் மன்னித்துவிட்டேன் என்று சொல்லும். அதை நம்ப வேண்டாம். இதில் எழுதியிருப்பதுதான் உண்மை.”

கடைசிப் பக்கம் வரை ஒரு சொல்லையும் விடாமல் வாசித்துவிட்டு, தாள்களை மேசைமேல் வைத்தார்.

அதிகாரியின் முகம் சிவந்திருந்தது. அவரும் ஏதோ ஒரு பள்ளியில் நாற்பது நாள் அந்தப் பட்டையைக் கட்டியவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவர் மூச்சை இழுத்துவிடவில்லை, சிரிக்கவும் இல்லை. பேனாவை மேசையில் அறைந்து வைத்தார்.

“யார் அந்த டீச்சர்?” என்றார். “ஒரு சின்னப் பிள்ளைக்கு இப்படிச் செய்ய எப்படிங்க மனசு வரும்? எங்க இருக்காங்க அவங்க? உடனே கூப்பிடுங்க.”

பேச்சி நாற்காலியில் முன்னே சாய்ந்து அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கோபத்தை இன்னொருவர் முகத்தில் அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஜெபக்கனி உட்காரவில்லை.

“நான்தாம்மா,” என்றார்.